மீட்கப்பட்டவங்க எண்ணிக்கைக்கு அப்புறம் என்ன? ஆள்கடத்தல் ஆராய்ச்சிக்கு வர நினைக்கிற ஒரு தம்பிக்கு பதில்

வணக்கம் தம்பி. உங்க லெட்டர் நீளம், மத்தவங்களும் படிக்கிறாங்கங்கறதால சுருக்கிடறேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல எம்எஸ்சி, நாலு வருஷமா ஒரு தொண்டு நிறுவனத்துல எம் அண்ட் இ ஆபீசர் (திட்டத்தை கண்காணிச்சு மதிப்பீடு பண்றவர்), ஹெல்த் ப்ராஜெக்ட் பாத்துட்டு இருந்த உங்களை போன வருஷம் ஆள்கடத்தல் தடுப்பு ப்ராஜெக்ட்டுக்கு மாத்திட்டாங்க. மாசாமாசம் எத்தனை பேரை மீட்டோம், எத்தனை விழிப்புணர்வு கூட்டம், எத்தனை பேர் வந்தாங்கன்னு எக்செல்ல நிரப்பி அனுப்புறீங்க. "மேடம், இதனால கடத்தல் குறைஞ்சுதான்னு மேனேஜர்கிட்ட கேட்டேன், உனக்கு எதுக்குய்யா அதெல்லாம்னு சொல்லிட்டார்"னு எழுதியிருக்கீங்க. இதையே முழுநேர ஆராய்ச்சியா எடுத்துக்கலாமா, பிஎச்டி கட்டாயமா, பாதிக்கப்பட்டவங்களை நேர்ல பேட்டி எடுக்கற வேலைக்கு எப்படி போறது, மனசு தாங்குமா, இதுல பொழைக்க முடியுமா, இதுதான் கேள்விகள்.

எடுத்துக்கலாம். ஆனா நீங்க மனசுல வச்சிருக்கற வேலை வேற, நிஜத்துல நடக்கற வேலை வேற. இந்த துறைக்கு வரணும்னு கேக்கறவங்கள்ல பாதிப் பேர் யாரையாவது காப்பாத்தணும்னு வர்றாங்க, நல்ல மனசுதான், ஆனா ஆராய்ச்சிக்காரங்க யாரையும் காப்பாத்தறதில்ல. கேள்வித்தாள் எழுதறது, எத்திக்ஸ் கமிட்டிக்கு நாப்பது பக்கம் விண்ணப்பம் போடறது, ஒரே ஆளை மூணு ஸ்பெல்லிங்ல பதிவு பண்ணி வச்சிருக்கற கேஸ் ஃபைலை சுத்தம் பண்றது, பணம் குடுக்கறவங்ககூட மீட்டிங், ரிப்போர்ட்டை ஆறாவது தடவை திருத்தறது, வருஷத்துல பெரும்பகுதி இப்படித்தான் போகும். நீங்க மேனேஜர்கிட்ட கேட்டீங்களே ஒரு கேள்வி, அதுதான் இந்தத் தொழிலே. நீங்க ஏற்கனவே உள்ள வந்துட்டீங்க, அவருக்குத்தான் அது தெரியல.

அந்தக் கேள்வியை இந்தத் துறையே ரொம்ப லேட்டாத்தான் கேக்க ஆரம்பிச்சுது. ஆள்கடத்தலுக்கு எதிரான ஐநாவோட பலேர்மோ ஒப்பந்தம் 2000ல வந்துச்சு, 2003 டிசம்பர்ல அமலுக்கு வந்துச்சு, அமெரிக்கா 2000லயே தனிச் சட்டம் போட்டு 2001லேர்ந்து வருஷா வருஷம் நாடுகளுக்கு மார்க் போடற மாதிரி டிஐபி ரிப்போர்ட்னு ஒரு ஆள்கடத்தல் அறிக்கை வெளியிடுது, பணம் கொட்டுச்சு, ப்ராஜெக்ட் பெருகுச்சு. பத்து வருஷம் கழிச்சு 2011ல, பாலியல் சுரண்டலுக்காக எல்லை தாண்டி கடத்தறதை தடுக்கற திட்டங்கள்ல எது வேலை செய்யுதுன்னு கேம்ப்பெல் கொலாபரேஷன்ங்கற, ஆய்வுகளைத் திரட்டி அலசற அமைப்புக்காக ஒரு குழு உலகம் முழுக்க தேடிப் பாத்தாங்க. திட்டம் கிடைக்காத ஒரு ஒப்பீட்டுக் குழுவையும் வச்சு ஒழுங்கா மதிப்பீடு பண்ண ஒரு ஆய்வுகூட அவங்க வச்ச தரத்துக்கு தேறல. அதுக்காக திட்டம் எல்லாம் தோத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. ஜெயிச்சுதா தோத்துதான்னு சொல்ல யார்கிட்டயும் ஆதாரம் இல்ல, அவ்வளவுதான். அதுக்கப்புறம் நிலைமை தேவலை, ஆனா காலி இடம் இன்னும் நிறைய இருக்கு, உங்கள மாதிரி கணக்கு தெரிஞ்ச ஆளுக்கு வேலை இருக்கறதே அங்கதான்.

விழிப்புணர்வு கூட்டத்தையே எடுத்துக்கோங்க. அதுக்குப் பின்னாடி ஒரு நம்பிக்கை இருக்கு: ஆபத்து தெரிஞ்சா ஜனங்க ஜாக்கிரதையா போவாங்க, ஜாக்கிரதையா போனா மாட்ட மாட்டாங்க. கேக்க சரியாத்தான் இருக்கு. பிரிட்டிஷ் அரசு பணத்துல ஐஎல்ஓ, அதாவது சர்வதேச தொழிலாளர் அமைப்பு, 2013ல ஆரம்பிச்ச வொர்க் இன் ஃப்ரீடம்ங்கற திட்டம், இந்தியா நேபாளம் பங்களாதேஷ்லேர்ந்து வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு கிளம்பறதுக்கு முன்னாடி பயிற்சி குடுத்துச்சு. லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் ட்ராபிக்கல் மெடிசின் ஆளுங்க அதை பல வருஷம் கூடவே இருந்து மதிப்பீடு பண்ணாங்க. பயிற்சி மட்டும் குடுத்தா சுரண்டல் குறையும்ங்கற அந்த நம்பிக்கைக்கு அவங்களுக்கு பெரிசா ஆதரவு கிடைக்கல. யோசிச்சுப் பாத்தா இதுல ஆச்சரியம் இல்ல, கடனோட கிளம்பற ஒருத்திக்கு ஆபத்து தெரியாம இல்ல, தெரிஞ்சேதான் போறா, போன இடத்துல பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வச்சுக்கிட்டா கிளம்பறதுக்கு முன்னாடி உக்காந்த கிளாஸ் என்ன பண்ணும். ஒரு மதிப்பீட்டாளரோட உருப்படியான வேலைன்னா நான் இதைத்தான் சொல்லுவேன், திட்டத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கற அந்த 'இது நடந்தா அது நடக்கும்'ங்கற சங்கிலியை வெளிய எடுத்து வச்சு ஒவ்வொரு கண்ணியா இழுத்துப் பாக்கறது.

அடுத்தது எண்ணறது. இதுலதான் உங்க எம்எஸ்சிக்கு மதிப்பு, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ஐஎல்ஓ, வாக் ஃப்ரீங்கற தொண்டு அமைப்பு, ஐஓஎம்ங்கற ஐநாவோட புலம்பெயர்வு அமைப்பு மூணும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீடுப்படி 2021ல நவீன அடிமைத்தனத்துல 4.96 கோடி பேர், அதுல கட்டாய உழைப்பு 2.76 கோடி, கட்டாயத் திருமணம் 2.2 கோடி. அதுக்கு முந்தின மதிப்பீடு 2016க்கு, 4.03 கோடி. இது சர்வேயும் மாடலும் கலந்து போட்ட மதிப்பீடு, ரெண்டு தடவையும் டேட்டாவும் செய்முறையும் அப்படியே ஒண்ணா இல்ல, அதனால ரெண்டையும் கழிச்சு அஞ்சு வருஷத்துல இத்தனை கூடிருச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதறவங்களைப் பாத்தா எனக்கு கோவம் வரும். இன்னொண்ணும் பாருங்க, அந்த 2.76 கோடியில பாலியல் சுரண்டல் 63 லட்சம், தனியார் முதலாளிங்ககிட்ட மத்த வேலைகள்ல மாட்டினவங்க 1.73 கோடி. ஆனா ப்ராஜெக்ட், போஸ்டர், ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் எந்தப் பக்கம் குவியுதுன்னு நீங்களே எண்ணிப் பாக்கலாம்.

அமெரிக்க அரசு ஒரு காலத்துல வருஷத்துக்கு 6 லட்சத்துலேர்ந்து 8 லட்சம் பேர் எல்லை தாண்டி கடத்தப்படறாங்கன்னு சொல்லிட்டு இருந்துச்சு. அவங்களோட சொந்த தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2006ல அதை தோண்டிப் பாத்து, செய்முறையில ஓட்டை, டேட்டால இடைவெளி, இந்த நம்பரை நம்ப முடியலன்னு எழுதிடுச்சு. அதுக்கப்புறமும் அந்த நம்பர் சாகல, மேடையில, நிதி கேக்கற கடிதத்துல எல்லாம் ரொம்ப நாள் சுத்திட்டு இருந்துச்சு. ஒரு தப்பான நம்பர் நல்ல காரியத்துக்கு உதவுச்சுன்னா அதை யாரும் கொல்ல மாட்டாங்க தம்பி, அதை கொல்றவன் மேலதான் கோவப்படுவாங்க. இதுக்கு நீங்க தயாரா இருக்கணும்.

ஒளிஞ்சிருக்கற கூட்டத்தை எண்ண இப்ப ரெண்டு மூணு வழி இருக்கு. ஒண்ணு மல்டிபிள் சிஸ்டம்ஸ் எஸ்டிமேஷன். போலீஸ் ஒரு லிஸ்ட், தொண்டு நிறுவனம் ஒரு லிஸ்ட், உள்ளாட்சி ஒரு லிஸ்ட் வச்சிருக்கும், ஒரே ஆள் எத்தனை லிஸ்ட்ல வர்றாருன்னு பாத்து எந்த லிஸ்ட்லயும் வராதவங்க எத்தனை இருக்கலாம்னு கணக்குப் போடறது. பிரிட்டன்ல பெர்னார்ட் சில்வர்மேன்ங்கற புள்ளியியல் நிபுணர் 2013க்கான டேட்டாவை வச்சு, தெரிஞ்ச 2,744 பேர்லேர்ந்து மொத்தம் 10,000 முதல் 13,000 வரைக்கும் இருக்கலாம்னு சொன்னார். 2015ல வந்த நவீன அடிமைத்தன சட்டத்தோட விவாதத்துல அந்த எண் நல்லாவே உழைச்சுது. ஆனா லிஸ்ட்டுகள் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாம இருந்தாத்தான் இந்தக் கணக்கு சுலபமா நிக்கும், நிஜத்துல போலீஸே ஆளை தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பி வைக்குது, அந்த சார்பை மாடல்ல எப்படி எடுக்கறதுங்கறதுல சண்டை இன்னும் ஓயல. அந்த சண்டைக்குள்ள போக சமூகவியல் படிச்சவங்க பல பேர் பயப்படுவாங்க, நீங்க பயப்பட மாட்டீங்க.

இன்னொண்ணு ரெஸ்பாண்டன்ட் ட்ரிவன் சாம்ப்ளிங், டக்ளஸ் ஹெக்கதார்ன்ங்கற சமூகவியலாளர் 1997ல எழுதினது. முதல்ல சில பேரை பேட்டி எடுத்து, அவங்ககிட்ட ஆளுக்கு மூணு கூப்பன் குடுத்து, அவங்களுக்குத் தெரிஞ்சவங்களை அவங்களே கூட்டிட்டு வர வைக்கறது, அப்புறம் யாருக்கு எத்தனை பேரைத் தெரியும்ங்கறதை வச்சு எடை போடறது. ஷெல்டன் ஜாங்ங்கற ஆராய்ச்சியாளர் இந்த வழியில அமெரிக்காவுல சான் டியேகோ பகுதியில ஆவணம் இல்லாம வேலை பாக்கற ஸ்பானிஷ் பேசற தொழிலாளிங்களை ஆராய்ஞ்சு, ஏறக்குறைய 30 சதவீதம் பேர் கடத்தல்ங்கற வரையறைக்குள்ள வர்ற மாதிரி அனுபவிச்சிருக்காங்கன்னு 2012ல சொன்னார். அருமையான முறை, ஆனா ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச கூட்டத்துக்குத்தான் பொருந்தும். ஒரு வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருக்கற வீட்டு வேலைக்காரி யார்கிட்டேர்ந்து கூப்பன் வாங்குவா?

உங்க எக்செல்ல இருக்கற 'மீட்கப்பட்டவங்க எண்ணிக்கை' இதுல எதுவும் இல்ல. அது உங்க அமைப்பும் போலீஸும் எவ்வளவு ஓடினீங்கங்கறதோட அளவு. பிரிட்டன்ல பாதிக்கப்பட்டவங்களா இருக்கலாம்னு அரசுக்கு பரிந்துரை ஆனவங்க 2014ல 2,340, 2023ல 17,004. கடத்தல் ஏழு மடங்கு ஆயிடுச்சா? இல்ல, அடையாளம் காண கத்துக்கிட்டாங்க, சட்டம் வந்துச்சு, போதைப்பொருள் கடத்தறதுக்கு பசங்களைப் பயன்படுத்தறதையும் இதுல சேத்துப் பாக்க ஆரம்பிச்சாங்க. எண்ணிக்கை கூடினா நல்லதா கெட்டதான்னே தெரியாத ஒரு துறையில உக்காந்திருக்கோம்ங்கறதை மறக்காதீங்க.

ஆங், வரையறை. பலேர்மோல மூணு பாகம் இருக்கு: என்ன பண்ணாங்க, எந்த வழியில பண்ணாங்க, எதுக்காக பண்ணாங்க. 18 வயசுக்கு கீழன்னா அந்த நடுப்பாகம், அதாவது மிரட்டலோ ஏமாத்தோ இருந்துச்சான்னு நிரூபிக்கத் தேவையில்ல. இதை கோடிங் ஷீட்ல, அதாவது கேஸை வகை பிரிச்சு பதியற தாள்ல, ஒழுங்கா பிரிக்காம வீட்டை விட்டு ஓடின பசங்க எல்லாரையும் கடத்தல் கேஸ்னு போட்டு வைக்கற ப்ராஜெக்ட் நிறைய பாத்திருக்கேன். உங்க ஃபைல்ல இதை முதல்ல சரி பாருங்க.

அடுத்து, பலன் இருந்துச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது. திட்டம் இல்லாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்ங்கறதுதான் எப்பவுமே கேள்வி, மருந்து சோதனை மாதிரி சீட்டு குலுக்கிப் போட்டு பாதி பேருக்கு தங்குமிடம் இல்லன்னு இங்க சொல்ல முடியாது. ஆனா எதுவுமே முடியாதுன்னு கை விரிக்கறதும் சோம்பேறித்தனம். எப்படியும் எல்லா ஊருக்கும் ஒரே நாள்ல திட்டம் போகப் போறதில்ல, எந்த ஊருக்கு முன்னாடி எந்த ஊருக்கு பின்னாடிங்கறதை குலுக்கல்ல முடிவு பண்ணா ஒப்பீடு கிடைச்சிடும், யாருக்கும் எதுவும் மறுக்கல. பிலிப்பைன்ஸ்ல செபூ நகரத்துல இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன்ங்கற தொண்டு அமைப்பு 2006லேர்ந்து நாலு வருஷம் போலீஸோட சேந்து பாலியல் கடத்தலுக்கு எதிரா ஒரு திட்டம் நடத்துச்சு, ஆரம்பத்துலயும் முடிவுலயும் வெளி ஆளுங்களை வச்சு, வாடிக்கையாளர் மாதிரி போய் எத்தனை சிறார்கள் கிடைக்கறாங்கன்னு அளந்தாங்க, 79 சதவீதம் குறைஞ்சுதுன்னு ரிப்போர்ட். மீட்ட எண்ணிக்கையை விட்டுட்டு சந்தையில இருக்கற எண்ணிக்கையை அளந்தாங்களே, அதுக்காகவே அவங்களை நான் பாராட்டுவேன். ஆனா நீங்க படிக்கும்போது இதையும் கேளுங்க: ஒப்பிட இன்னொரு நகரம் இருந்துச்சா, கண்ணுக்குத் தெரியற இடத்துலேர்ந்து தெரியாத இடத்துக்கு நகந்திருந்தா இந்த அளவுகோல்ல பிடிபடுமா? ஒரே ஆய்வை பாராட்டவும் குடையவும் தெரியணும், ரெண்டுல ஒண்ணு மட்டும் தெரிஞ்சவங்கதான் அதிகம்.

தங்குமிடத்தை விட்டுப் போனவங்களை ஆறு மாசம் கழிச்சு தேடறது எல்லாத்தையும் விட கஷ்டம். போன் நம்பர் மாறிடும், சில பேர் வேணும்னேதான் தொடர்பை அறுத்துக்கறாங்க, அது அவங்க உரிமை. கிடைச்சவங்க பெரும்பாலும் ஓரளவு நல்லா இருக்கறவங்க, அதனால 'தொடர்பு கொண்டவங்கள்ல இத்தனை சதவீதம் நலம்'னு எழுதினா அது பொய் இல்ல, ஆனா உண்மையும் இல்ல. தொலைஞ்சு போனவங்க எத்தனைன்னு அதே வரியில எழுதுங்க.

மேனேஜர் விஷயம். சண்டை போடாதீங்க, அவருக்கு மேல இருக்கறவங்களுக்கு அவர் கணக்கு காட்டணும். எக்செல்ல ரெண்டே ரெண்டு நெடுவரிசை சேக்கறேன் சார்னு கேளுங்க: இந்த கேஸ் நமக்கு எப்படித் தெரிய வந்துச்சு, மூணு மாசம் கழிச்சு என்ன நிலைமை. ரெண்டாவதுக்கு புதுசா யாரையும் தேடிப் போய் கேக்க வேணாம், கேஸ் வொர்க்கர் ஏற்கனவே பேசிட்டு இருக்கறதையே பதிஞ்சா போதும். ஒரு வருஷம் ஓடினா, பாதி கேஸ் ஒரே பஸ் ஸ்டாண்ட் போலீஸ்காரர் மூலமா வருது, விழிப்புணர்வு கூட்டத்துலேர்ந்து ஒண்ணுகூட வரலன்னு தெரியலாம், இல்ல நேர் எதிரா இருக்கலாம். அப்ப அவரே உங்களைக் கூப்பிட்டுப் பேசுவார்.

பேட்டி எடுக்கற ஆசை பத்தி கொஞ்சம் கடுமையாவே சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கடத்தப்பட்ட பெண்களை பேட்டி எடுக்கறதுக்கு உலக சுகாதார நிறுவனம் 2003ல பத்து பரிந்துரை வெளியிட்டுச்சு, கேத்தி ஜிம்மர்மேன், ஷார்லட் வாட்ஸ் எழுதினது. முதல் விதியே தீங்கு பண்ணாதே, வேற மாதிரி தெரியற வரைக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆபத்து ரொம்ப அதிகம்னே வச்சுக்கோங்கறாங்க. போலீஸ்கிட்ட ஒரு தடவை, டாக்டர்கிட்ட ஒரு தடவை, வக்கீல், கோர்ட், கவுன்சிலர், நிருபர்னு சொன்னதையே சொல்லி அலுத்துப் போனவகிட்ட நீங்களும் போய் உக்காரணுமா, கேஸ் ஃபைல்ல ஏற்கனவே இருக்கறதை எதுக்கு வாயால திரும்ப சொல்ல வைக்கணும்? ஐஓஎம் 2017லேர்ந்து சிடிடிசின்னு ஒரு தளத்துல பல அமைப்புகளோட கேஸ் டேட்டாவை அடையாளம் நீக்கி பொதுவுல வச்சிருக்கு, அதை எடுத்து வேலை பண்ணிட்டு, அதுல கிடைக்காத கேள்வி மிச்சம் இருந்தா மட்டும் பேட்டிக்குப் போங்க.

அப்படிப் போனாலும், தங்குமிடத்துக்குள்ள வாங்கற சம்மதத்தை நான் பாதிதான் நம்புவேன். சாப்பாடும் படுக்கையும் குடுக்கற வார்டன் 'இவங்ககூட பேசும்மா'னு சொன்னா அந்தப் பொண்ணு எப்படி மாட்டேங்கும்? அதனால ஆளைத் தேர்ந்தெடுக்கறது வார்டனா இருக்கக்கூடாது, மறுத்தவங்க யாருன்னு வார்டனுக்குத் தெரியக்கூடாது, பேசறதுக்கு குடுக்கற பணம் பாதியில எழுந்து போனாலும் முழுசா கிடைக்கணும். பேட்டியில ஒரு சிறுமி இப்ப நடந்துட்டு இருக்கற ஆபத்தைச் சொன்னா சட்டப்படி நீங்க யார்கிட்ட சொல்லியே ஆகணும்ங்கறதை முன்கூட்டியே தெரிஞ்சு வச்சிருக்கணும், அதை சம்மதப் படிவத்துலயே அவங்களுக்கு சொல்லியிருக்கணும், கேட்டுட்டு அப்புறம் முழிக்கக்கூடாது. கேள்வித்தாள் எழுதும்போதே தானும் இதை அனுபவிச்ச ஒருத்தரை சம்பளத்தோட குழுவுல வச்சுக்கோங்க, எது கேக்கக்கூடாத கேள்வின்னு அவங்களுக்கு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

மனசு தாங்குமாங்கறதுக்கு, பேட்டி எடுக்கறவரை விட ஆடியோவைக் கேட்டு டைப் பண்றவங்களும் அதை வகை பிரிச்சு கோடிங் பண்றவங்களும்தான் பல தடவை அதிகமா அடி வாங்கறாங்க, எதிர்ல முகம் இல்ல, வெறும் குரல், அதுவும் நாள் முழுக்க. ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல ட்ரான்ஸ்கிரிப்ட் படிக்கறதில்லன்னு வச்சுக்கோங்க, கவுன்சிலிங் செலவை பட்ஜெட்லயே தனி வரியா போட்டுக் கேளுங்க.

பிஎச்டி. ஆராய்ச்சி நிறுவனங்கள், உதாரணத்துக்கு அமெரிக்காவுல இருக்கற ஆர்டிஐ இன்டர்நேஷனல், நோர்க், அர்பன் இன்ஸ்டிட்யூட் மாதிரி இடங்கள்ல மாஸ்டர்ஸோட அனலிஸ்ட்டா நுழையலாம், ஆனா தலைமை ஆய்வாளரா உங்க பேர்ல நிதி வாங்கணும்னா பெரும்பாலும் பிஎச்டி கேப்பாங்க. மதிப்பீட்டு கன்சல்டன்ட் வேலைக்கு அது இல்லாமயே ஓட்டலாம். என்னைக் கேட்டா இன்னும் ரெண்டு மூணு வருஷம் வேலை பாத்துட்டு, மத்தவங்க நிதி குடுக்காத கேள்வி ஒண்ணு உங்களைத் தூங்க விடலன்னா மட்டும் பிஎச்டிக்குப் போங்க.

பொழப்பு விஷயத்துல மறைக்க விரும்பல. இந்தத் துறை ஒரு சில அரசாங்கங்களோட பணத்துல ஓடுது. 2025ல அமெரிக்கா யுஎஸ்எய்டை மூடினப்பவும், அவங்க தொழிலாளர் துறையோட ஐலாப் பிரிவு வெளிநாட்டு மானியங்களை ரத்து பண்ணப்பவும், குழந்தைத் தொழிலாளர், கட்டாய உழைப்பு பத்தி நடந்துட்டு இருந்த ஆய்வுகள் பாதியில நின்னுச்சு, நல்ல நல்ல ஆளுங்க ஒரே வாரத்துல வேலை இல்லாம ஆனாங்க. அதனால ஆள்கடத்தல் ஆராய்ச்சியாளர்னு மட்டும் போர்டு மாட்டிக்காதீங்க. முதல்ல மதிப்பீட்டாளர், அடுத்தது இந்தத் துறை. கூடவே புலம்பெயர் தொழிலாளர், குடும்ப வன்முறை, குழந்தைத் தொழிலாளர்னு பக்கத்து விஷயம் ஒண்ணு கையில இருக்கணும், முறை எல்லாத்துக்கும் ஒண்ணுதான். ஒப்பந்தம் கையெழுத்து போடும்போது ரிப்போர்ட்டை யார் வெளியிடுவாங்க, முடிவு பிடிக்கலன்னா மூடி வைக்க முடியுமாங்கற வரியைத் தேடிப் படிங்க. வேலை முடிஞ்சப்புறம் அதைப் பேச முடியாது.

இந்த மாதிரி வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சிவியோட எழுத்து மாதிரி ஒண்ணு கேப்பாங்க, உங்ககிட்ட இப்ப அது இருக்காது. இந்த மூணு மாசத்துல உங்க ப்ராஜெக்ட்டையே வச்சு அஞ்சாறு பக்கத்துல ஒரு எவாலுவபிலிட்டி அசெஸ்மென்ட் எழுதுங்க, அதாவது இந்தத் திட்டத்தை மதிப்பீடு பண்ற நிலைமை இருக்கா, என்ன டேட்டா இருக்கு, எது இல்ல, எந்தக் கேள்விக்கு பதில் வரும், எதுக்கு வராது. ஊர், அமைப்பு, ஆளுங்க பேர் எதுவும் வேணாம், நிறுவனத்துல அனுமதி வாங்கிட்டே எழுதுங்க. எழுதி முடிச்சதும் அனுப்புங்க, படிச்சுட்டு சிவப்பு மை போட்டுத் தர்றேன்.